முகத்துவாரம் மூடுவதற்குள்

சும்மா உட்கார எனக்கு வராது. உப்பளத்தில் ஆயில் எஞ்சின் பார்க்கிறவன் நான். உப்புத்தண்ணீரைப் பாத்திக்கு இறைக்கிற எஞ்சின் பக்கத்தில் தூங்கினாலும் காது தூங்காது. சத்தம் கொஞ்சம் கனத்தால் போதும், எழுந்து ஓடி நிறுத்திவிடுவேன். நிறுத்தினால் தண்ணீர் நிற்கும், எல்லாம் நிற்கும். வீட்டிலும் அப்படியே எழுந்து எழுந்து நடப்பதால் என் வீட்டுக்காரி திட்டுவாள்: "ஒரு எடத்துல குந்தமாட்டியா நீ? உன்னப் பாத்தா எனக்கு தல சுத்துது."

போன மழையில் ஒரு பாய்மரப் படகு புயலுக்குப் பயந்து எக்கியார்குப்பம் பக்கத்து முகத்துவாரத்துக்குள் வந்து நின்றது. நம் ஃபைபர் படகு மாதிரி இல்லை. கனத்த மரப்படகு. உள்ளே அடுப்பு, படுக்கை எல்லாம் உண்டு. அடியில் ஆள் ஆழத்துக்கு இரும்பு இறங்கியிருந்தது. பாண்டிச்சேரி பக்கம் இடையஞ்சாவடியில் வளர்ந்த வெள்ளைக்கார அம்மாவின் படகு அது. தலை நரைத்தவர், பேச்சு நம் பேச்சுதான். அவருக்கு வேறு வீடு இல்லை.

மழை நின்று மாசி பிறந்ததும் இரண்டு பக்கமும் மணல் நெருங்கி வந்தது. வாய் மூடிவிட்டால் அடுத்த மழை வரைக்கும் படகு உள்ளேதான். தண்ணீர் வற்றினால் சேற்றில் சாய்ந்து பலகை விட்டுவிடும். வீடு போய்விடும். எஞ்சினைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்.

"அவ்ளோ பெரிய பாய் கீதே, விரிச்சிக்கினு போவ வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"காத்து நேரா மூஞ்சில அடிக்குதுண்ணா. இந்த சந்துல பாய வெச்சிக்கினு திரும்ப முடியாது. எஞ்சின்தான் கதி."

எஞ்சின் நல்ல பழைய டீசல் எஞ்சின். பிரித்துப் பார்த்தேன், கழுவினேன், ஓடியது. ஆனால் மேலேயிருந்து கியர் போடுகிற கேபிள் துருப்பிடித்து அறுந்துவிட்டது. புதுசு வருவதற்குள் மணல் வந்துவிடும். அதனால் வேகம் மேலே. கியர் கீழே என் கையில். எஞ்சின் குழியில் குந்திக்கொண்டு, மேலேயிருந்து கேட்கிற குரலுக்கு முன்னாலும் பின்னாலும் தள்ள வேண்டியது. எதையும் பார்க்க முடியாது. அதுதான் எனக்கு ஆகாத வேலை.

அமாவாசை காலை, தண்ணீர் ஏறி நின்ற நேரம் கிளம்பினோம். சுக்கானைக் குப்பத்து மீனவன் ஒருவன் பிடித்தான். அந்த வாயில் தினமும் போய் வருகிறவன். தன் ஃபைபர் படகைப் பின்னால் கட்டி இழுத்து வந்தான், திரும்பிப் போவதற்கு.

"யோவ் பெருசு, உள்ள தூங்கிடாத!" என்று குனிந்து கத்தினான்.

"உன் வேலய பாருடா டேய்!"

எஞ்சின் ஒழுங்காகத் தட்டியது. அதைக் குளிர வைக்கிற கடல் தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியாகச் சளக் சளக்கென்று துப்புவது காதில் விழுந்தது. அந்தத் துப்பல் கேட்கிறவரை பயமில்லை.

திடீரென்று அடியில் ஒரு உரசல். நான் முன்னால் போய் விழுந்தேன்.

அவன் படகில் எஞ்சினே திரும்பும். வளைவு வந்ததும் கோலைத் தள்ளினால் படகு அங்கேயே மடங்கிவிடும். இதையும் அப்படியே வளைவு வரை விட்டிருக்கிறான். இத்தனை கனம் உடனே திரும்புமா? மணலில் ஏறிவிட்டது.

"ரிவர்ஸ்!" என்று குரல் வந்தது. தள்ளினேன். படகு மெதுவாக மணலை விட்டது.

"இன்னா இது, சுக்கான் கேக்கவே மாட்டுது! பின்பக்கம் இடது கைலயே இழுத்துக்கினு போவுது!" என்று அவன் அலறினான். இடது பக்கம் மணல் திட்டு.

"நீ தள்ளிக்கப்பா, சுக்கான நான் புடிக்கறேன்" என்றது அந்த அம்மாவின் குரல். " பின்னால போவ சொல்ல இது சுக்கானுக்கு அடங்காது. அடியில கீற விசிறி சுத்துற பக்கம்தான் போவும். அண்ணா, முன்னால! கொஞ்ச நேரம்தான்!"

தள்ளினேன். எஞ்சின் ஒருமுறை உறுமியது. விசிறி தள்ளிய தண்ணீர் சுக்கானில் மோத, படகு நகராமல் பின்பக்கம் மட்டும் வலதுக்கு வந்தது. உடம்பில் தெரிந்தது எனக்கு. "ரிவர்ஸ்!" மறுபடி. "முன்னால!" மறுபடி. கை வலித்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்குமோ, எவ்வளவு திரும்பியிருக்கிறோம், ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் சளக் சத்தம் குறைந்ததைக் கவனித்தேன். உறிஞ்சுகிற குழாயில் மணல். சூடான பெயிண்ட் வாசனை. என் கை தானாக நிறுத்துகிற கம்பியில் போய் உட்கார்ந்தது.

"அம்மா, தண்ணி துப்பல! வெந்துடும்! நிறுத்தட்டா?"

"நிறுத்துனா நம்மள அலையே மணல்ல தள்ளிடும்ணா. வேகறது வேகட்டும். முன்னால!"

கம்பியிலிருந்து கையை எடுப்பது, சோற்றுத் தட்டைத் தட்டிவிடுகிற மாதிரி இருந்தது. எடுத்தேன். கியரை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் முக்கியது. புகை கண்ணை எரித்தது. அலை ஒன்று தூக்கிப் போட்டது, இன்னொன்று. அதற்கப்புறம் படகு ஆழத்து ஆட்டம் ஆடியது.

மேலே பாய் படபடவென்று அடித்து விறைத்தது. "இப்ப நிறுத்துண்ணா!"

நிறுத்தினேன். எஞ்சின் நின்றது. படகு நிற்கவில்லை. காற்றில் சாய்ந்து போய்க்கொண்டே இருந்தது.

மீனவன் தன் படகை அவிழ்த்தான். "வா பெருசு, போலாம். அதான் வெளிய வந்தாச்சே."

கரையில் உப்புக் குவியல்கள் சின்னதாகத் தெரிந்தன. வெளியே வந்தாயிற்று, சரி. பாண்டிச்சேரி துறைமுகத்துக்குள் எப்படி நுழைவார்? இந்தக் கனத்துக்கு எஞ்சினை விட்டால் பிரேக் ஏது? எஞ்சின் இறுகிப் போயிருந்தால் நேராகக் கல்லில்தான் மோத வேண்டும்.

"நீ போடா. எஞ்சின் ஆறட்டும், சுத்தி பாத்துட்டு வரேன்."

"கடல்ல நடந்தா வருவ?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

குழாயைக் கழற்றி மணலைக் கொட்டினேன். எஞ்சின் தலையைத் தொடுவதும், மேலே ஏறுவதும், இறங்குவதுமாக இருந்தேன். "குந்துண்ணா" என்றார் அந்த அம்மா. அவர் முகமும் சரியில்லை.

கை தாங்குகிற சூட்டுக்கு வந்ததும் எஞ்சினைச் சுற்றுகிற கைப்பிடியை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. உடம்பையே போட்டு அழுத்தினேன். உள்ளே எதுவோ கரகரத்தது. பிறகு வந்தது, ஒரு சுற்று.

"சுத்துதா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"சுத்துது. ஆனா முனகுது."

"உள்ள போற வரைக்கும் தாங்குமா?"

"கூட நான் கீறேன்" என்றேன்.