ஆறடிக் கடலுக்கு ஒரு காவல்

பலவேசத்துக்கு வயது ஐம்பத்தொன்று. கடைசி நாலு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் வெளியூரில் தங்கினார். பெரியப்பா சாவு, இரண்டு நாள். அந்த இரண்டு நாளில், அவர் பார்த்துக்கொள்கிற மீன் தொட்டியில் தண்ணீர் குறைகிறதே என்று முதலாளி வீட்டு வாட்ச்மேன் நல்ல மனசோடு இரண்டு குடம் போர்வெல் தண்ணீரை ஊற்றிவிட்டார். மனுசன் பல்லிலேயே காவி ஏற்றுகிற தண்ணீர், மீனை விடுமா? திரும்பி வந்து பார்த்தால் கடல் புல்லின் மேல் சளி மாதிரி அழுக்கு படர்ந்திருந்தது. இறால் ஏழும் மல்லாந்து கிடந்தன.

அன்றைக்கு முதலாளி ஜெயச்சந்திரன் சொன்னார்: "இனிமே நீ இந்த வாசலைத் தாண்டணும்னா தொட்டியைத் தலையில தூக்கிட்டுத்தான் தாண்டணும், பாத்துக்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முதலாளிமார் சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும்.

கூடத்தில் இருந்த அந்தக் கண்ணாடித் தொட்டி ஆறடி நீளம். தங்கமீன் விடுகிற தொட்டி இல்லை, உள்ளே கடல். அடியில் அரையடி மணல், அதில் வேர் பிடித்து நாடா நாடாவாக ஆடுகிற கடல் புல். ஒரு மூலையில் பச்சைப் பாசிமணி கோத்த மாதிரி திராட்சைப்பாசி, எதிர் மூலையில் சிவப்பாகக் கஞ்சிப்பாசி. நடுவில் சுண்டுவிரல் நீளத்தில் எட்டு உளுவை மீனும் இரண்டு கோமாளி மீனும். முதலாளி மகள் ஹர்ஷினி கடல் படிப்புப் படித்த காலத்தில் தூத்துக்குடியில் வாங்கி வந்து நட்டது. நட்டுவிட்டு அவள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். கடல் மட்டும் சிவகாசியில் நின்றுவிட்டது.

இந்த ஊர் வெயிலுக்கு நாளுக்கு ஏழெட்டு லிட்டர் ஆவியாகிவிடும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. அதனால் காலையும் மாலையும் வடிகட்டிய நல்ல தண்ணீரை ஊற்றி, கண்ணாடியில் கிழித்த கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கஞ்சிப்பாசியை வாரம் ஒரு தடவை கிள்ளாவிட்டால் புல்லை மூடிவிடும். மணலைக் கிண்டினால் அடியிலிருந்து கந்தக நாற்றம் எழும்பும். இதெல்லாம் யாரும் பலவேசத்துக்குப் பாடம் எடுக்கவில்லை. ஹர்ஷினி போனில் ஒன்று சொன்னால் அவர் மூன்று கண்டுபிடித்தார்.

ஐந்தாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டவர் அவர். பதினோரு வயதில் வெடிக்குக் குழாய் சுற்றினார். பதினெட்டில் ஜெயச்சந்திரனின் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்துக் கலவை அறைக்குப் போனார். உப்பை விரலால் நிமிண்டியே அதில் ஈரம் எவ்வளவு என்று சொல்லுகிற கை. பக்கத்து அறை வெடித்த அன்று அந்த வலது கைதான் வெந்தது. இரண்டு விரலில் இன்றைக்கும் உணர்ச்சி கிடையாது. முதலாளி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார், பிறகு வீட்டோடு கூட்டிவந்து பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார். கல்யாணம் அமையாத மனுசனுக்கு மூன்று வேளைச் சோறு, வெயில் படாத வேலை. நன்றி கெட்டவன் என்று பெயர் வாங்காமல் விட்டுப் போக முடியாத வேலை.

ஆவணி பிறந்ததும் தங்கச்சி வேலுத்தாய் மல்லாங்கிணற்றிலிருந்து போன் பண்ணினாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை, முத்துமாரி. மூன்று வயது முடியப்போகிறது. வெம்பக்கோட்டைப் பக்கம் குலசாமி கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் போய்த் தங்கி, ஞாயிறு காலையில் பொங்கல் வைத்துக் குத்துவது. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும். இருக்கிறதே ஒரு மாமன்.

"வருவீயாண்ணே?"

"இது என்ன கேள்வி. மடியைக் கழட்டியா அனுப்ப முடியும்?"

"ஒன்னை நம்ப முடியாது. வளைகாப்புக்கும் இப்படித்தான் வாரேன் வாரேன்னு சொல்லி மீனுக்குச் சீக்குன்னுட்ட. மாமன் செத்துப் போனாத்தான் அவன் வேட்டியைப் பங்காளி மடியில விரிச்சுக் குத்துவாக. உசுரோட இருக்கிறவனுக்கு வேட்டி விரிக்க வச்சிராத, சொல்லிப்புட்டேன்."

மறுநாள் முதலாளி காப்பி குடிக்கிற நேரம் பார்த்துப் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். ஜெயச்சந்திரன் தொட்டியைக் கைகாட்டினார். புல் நுனியெல்லாம் மஞ்சள், சில இடத்தில் கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தது.

"அதே ஞாயித்துக்கிழமதான் ஹர்ஷினியப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. இவ தொட்டியைப் பத்தித்தான் அங்கன பெருமை பேசி வச்சிருக்கா. இம்புட்டு மஞ்சளாக் கிடந்தா என்ன நினைப்பாக? பச்சையாக்கிக் குடுத்துட்டு நீ பாட்டுக்குப் போ. ஒன்னைக் கயிறு போட்டா கட்டி வச்சிருக்கேன்?"

பன்னிரண்டு நாள் இருந்தது.

ஹர்ஷினி போனில் சோதனைக் குழாயைக் காட்டச் சொன்னாள். மருந்துச் சொட்டு விட்டால் தண்ணீர் ரோஸ் நிறமாக மாற வேண்டும். மாறவில்லை. "நைட்ரேட்டே இல்லண்ணே. மீன் கம்மி, புல்லு ஜாஸ்தி, பட்டினி கிடக்கு. பொட்டாசியம் நைட்ரேட் ஒரு சிட்டிகை போடணும். நான் ஆர்டர் போட்டு அனுப்புறேன், எட்டு நாள்ல வந்துரும்."

எட்டு நாள் கழித்து வந்தால் எப்போது பச்சையாவது? பொட்டாசியம் நைட்ரேட் என்றால் வெடியுப்பு. மருந்தறையில் மூட்டை மூட்டையாகத் தூக்கியது. ஆனால் கம்பெனியில் சீசன் உச்சம், அதோடு அதிகாரிகளின் ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. ஸ்டோர்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "ஒரு சிட்டிகை குறைஞ்சாலும் என் தலை போகும்ணே. மீனுக்குன்னா சிரிப்பாக."

வெடியுப்பால் சோறு தின்கிற ஊரில், ஒரு சிட்டிகைக்குப் பஞ்சம். அப்போதுதான் பின்கட்டுப் பரணில் பழைய சாம்பிள் பெட்டி ஞாபகம் வந்தது. அதில் ஒரு ஜாடி பச்சை உப்பு கிடந்தது. பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். நெருப்பில் பச்சை கொடுக்கிற சரக்கு. கோர்ட்டு கூடாது என்ற பிறகு யாரும் தொடாதது. பேரியம் நைட்ரேட். இதுவும் நைட்ரேட்தானே என்று யோசித்தார். வானத்தையே பச்சையாக்குகிற உப்பு, ஒரு தொட்டிப் புல்லை ஆக்காதா? வேறு ஊர்க்காரனுக்கு இந்தப் புத்தி வந்திருக்காது. இருபத்துநாலு வருஷம் மருந்து கலந்தவனுக்கு வந்தது.

முதலாளி வியாபார விஷயமாக ஒரு வாரம் வெளியூர் கிளம்பிப் போன காலையில், ஒரு கரண்டி உப்பை நல்ல தண்ணீரில் கரைத்து ஓரமாக ஊற்றினார்.

விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. நூல் திரியாயிற்று, திரி புகையாயிற்று. நாலு எண்ணுவதற்குள் ஆறடிக் கடலும் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி நின்றது. புல்லும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை.

சமையல்கார செல்வலட்சுமி கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள். "என்னண்ணே, கஞ்சி காய்ச்சி ஊத்திட்டீகளா?"

"வாயை மூடிட்டு வாளியைக் கொண்டா."

கண்ணை மூடிக்கொண்டு குளத்தில் மீன் தடவுவதுபோல் தடவி, பத்து மீனையும் வலையில் அள்ளி, புது உப்புத் தண்ணீர் வாளியில் விட்டுக் காற்றுக் குழாய் போட்டார். பத்தும் நீந்தின. மூன்று நாள் தண்ணீர் கலப்பதும் மாற்றுவதுமாகவே போயிற்று. இலை மேல் வெள்ளைப் பொடி திருநீறு மாதிரி படிந்திருந்தது. உணர்ச்சியுள்ள இடது கையால் ஒவ்வொரு இலையாக இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து வழித்துவிட்டார். மணல் மேல் படிந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சினார். நானூறு இலைக்கு மேல் இருக்கும், முதுகு எண்ணிக்கொண்டது.

"மாமியா வீட்டுக்கு வந்த மருமகளுக்குக்கூட இப்படித் தலை சீவிவிட மாட்டாக" என்றாள் செல்வலட்சுமி.

ஐந்தாம் நாள் தண்ணீர் தெளிந்தது. சோதனைக் குழாயில் சொட்டு விட்டார். மெல்லிசாக ரோஸ் ஏறியது. பேரியம் கடல் உப்போடு சேர்ந்து வெள்ளையாக அடியில் இறங்கிவிட்டது, நைட்ரேட் உரம் மட்டும் தண்ணீரில் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை பார்த்தால் ஒவ்வொரு குத்தின் அடியிலும் கிளிப்பச்சையில் புதுக் குருத்து. மீன்கள் திரும்பவும் புல்லுக்குள் ஒளிந்து பிடித்து விளையாடின. பலவேசம் பையில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, பிள்ளைக்கு வாங்கிய பாவாடை எல்லாம் எடுத்து வைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஹர்ஷினி வந்து இறங்கினாள். தொட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "அப்பா, இங்க பாருங்க! சிங்கப்பூர்ல எங்க லேப்ல கூட இப்படி வரலப்பா. அண்ணே, எப்படிண்ணே?"

ஜெயச்சந்திரன் மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு பலவேசத்தைப் பார்த்தார். "நாளைக்கு அவுக வந்து ஏதாவது கேட்டா எனக்கு ஒரு எழவும் தெரியாது. நீ பக்கத்துல நில்லு."

"அய்யா, பச்சையானா போகலாம்னு சொன்னீக. இன்னைக்குச் சாயங்காலம் நான்..."

"பச்சையாயிருச்சில்ல, அதுனாலதான் சொல்லுதேன். கெட்டுப் போயிருந்தா துணியைப் போட்டு மூடிட்டு ஒன்னை அனுப்பிருப்பேன். பிள்ளைக்கு இன்னொரு நாள் குத்தக் கூடாதா? காது எங்க ஓடிப் போகுது?"

பலவேசம் முதலாளியைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டார். "அய்யா, என்னை நம்பாதீக. நான் தொட்டியைக் கெடுத்தவன். பரண்ல கிடந்த பச்சை உப்பை எடுத்துப் போட்டுட்டேன். மூணு நாள் தொட்டி பாலாக் கிடந்துச்சு. செல்வலட்சுமியைக் கேளுங்க. தப்பிச்சது சாமி புண்ணியம். வேற ஆளை வச்சுக்கிடுங்க."

திட்டுவார், விரட்டுவார், அப்படியே கோயிலுக்குப் போய்விடலாம் என்று நினைத்தார். முதலாளி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஜாடி இன்னும் இந்த வீட்டுலயா கிடக்கு? யாருலே பாத்தது?"

"நானும் அவளுந்தான்."

"எடுத்து என் கையில குடு. இந்த ஆய்வு முடியிற வரைக்கும் நீ எங்கனயும் போகாண்டாம். கோயில் கூட்டத்துல நாலு பேரு கூடுன இடத்துல வாய் சும்மா இருக்காது." பிறகு தோளில் தட்டினார். "பாலாப் போனதைப் பச்சையாக் கொண்டாந்துட்டியே. ஒன்னை விட்டுட்டு வேற ஆளை எங்க போய்த் தேட?"

சொன்னதால் பூட்டு ஒன்று இரண்டானதுதான் மிச்சம்.

நாலு மணிக்கு, கோயிலுக்குப் போகிற வேன் வாசலில் வந்து நின்றது. அவரை ஏற்றிப் போகத்தான் வேலுத்தாய் சிவகாசி வழியாக வரச் சொல்லியிருந்தாள். கேட்டுக்கு வெளியே அவள், உள்ளே அவர். பலவேசம் கையில் பை இல்லாததைப் பார்த்தாள்.

"ஆத்தா, ஆடு வாங்கியாச்சு, ஊருக்குச் சொல்லியாச்சு, இனிமே நிறுத்த முடியாதுன்னு எனக்கும்..." என்று அவர் ஏதோ ஆரம்பித்தார்.

"அதை நாங்கதான சொல்லணும், நீ ஏன் சொல்லுத? வேட்டியைக் கொண்டா."

"வேலு..."

"வேட்டியைக் கொண்டாண்ணே. நேரமாகுது."

உள்ளே போய்ப் பையிலிருந்து எடுத்து வந்தார். பாவாடையையும் சேர்த்துக் கம்பி வழியாக நீட்டினார். வேனுக்குள் ஜன்னலோரம் மொட்டையடிக்காத சுருட்டைத் தலையோடு முத்துமாரி கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தாள். வேலுத்தாய் வேட்டியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வேன் போய்விட்டது. வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். தொட்டி முன்னால் நின்றது இரண்டு நிமிஷம் இருக்கும். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் குனிந்து பார்த்து, "பிளாஸ்டிக் செடியா?" என்று கேட்டார்.

"இல்லங்கய்யா, உசுருள்ளது" என்றார் பலவேசம். அவரிடம் கேட்கப்பட்டது அந்த ஒரு கேள்விதான்.

எல்லோரும் மாடிக்குப் போன பிறகு போன் குறுகுறுத்தது. வேலுத்தாய் ஒரு படம் அனுப்பியிருந்தாள். எழுத்து ஒன்றும் இல்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளை, யாரோ பங்காளி மடியில் விரித்த வேட்டி மேல் உட்கார்ந்து வாய் கிழிய அழுதது. அந்த வேட்டிக் கரையில் மருந்தறைக் காலத்துப் பொறி பட்ட ஓட்டை ஒன்று உண்டு. பிள்ளை தன் விரலை அதற்குள் விட்டு இறுக்கிப் பிடித்திருந்தது.

படத்தைப் பெரிசாக்கி அந்த விரலையே பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டார். விருந்தாளி வந்த மும்முரத்தில் காலைத் தண்ணீர் ஊற்றாமல் கிடந்தது. கேனைத் தூக்கி, கோடு வரைக்கும் ஊற்றினார்.