ஏழாவது பெயருக்கு நிற்பவர்

போன ஆடியில், கோயில் கொடை விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இறந்துபோன குதிரை வண்டிக்காரர்களின் பட்டியல் என் கைக்கு வந்தது. விழாக் குழுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் அடித்துத் தரும்படி ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். காற்றாலைகளைக் கண்காணிக்கும் அறையில் எனக்கு வேலை. எது சுற்றுகிறது, எது நின்றுவிட்டது என்று நாள் முழுக்கப் பட்டியல் பார்ப்பவள். இதையும் அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், கொடையின் கடைசி நாள் காலை குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். வண்டிகள் கிளம்பும் முன் சாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, காலமானவர்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் வந்து கோட்டில் நிற்க வேண்டும். மகன், பேரன் என்பதெல்லாம் செல்லாது. இறந்தவரோடு ஒரே வண்டியில் ஓடியவராக, அல்லது அவரோடு சேர்ந்து குதிரை வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். லகானையே தொடாத தாத்தாக்களின் பெயர்களை எல்லாம் பேரன்மார் கொண்டுவந்து சேர்த்ததால் குழு இப்படி ஒரு விதி வைத்தது. ஆள் நிற்காத பெயர் அடுத்த வருடம் பட்டியலில் இருக்காது.

எனவே மூன்று பத்திகள் போட்டேன். பெயர், ஊர், நிற்பவர்.

முதலில் இருந்தவர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து பந்தயத்தில் இறங்கியவர். தோற்றாலும் ஜெயித்தாலும் வண்டியில் விறைப்பாக நின்றுகொண்டேதான் ஊருக்குள் வருவார். இரண்டாமவர் கீழப்பாவூர்க்காரர். நரசிம்மரைக் கும்பிடாமல் கிளம்ப மாட்டார். அவருக்காக மற்ற வண்டிகள் வெயிலில் காத்து நிற்கும். வந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் துளசியைக் கொடுத்து வாயை அடைத்துவிடுவார். நான்காமவர் வண்டியே ஓட்டியதில்லை, செங்கோட்டையில் லாடம் அடித்தவர். மனிதர்களோடு தமிழிலும் குதிரையோடு மலையாளத்திலும் பேசுவார். ஏன் என்று கேட்டால், குதிரைக்குத்தான் மரியாதை தெரியும் என்பார். இவர்கள் எல்லோருக்கும் நிற்க ஆள் இருந்தார்கள். போன் செய்தால் எடுத்தார்கள், சரி என்றார்கள், கூடவே அரை மணி நேரம் கதையும் சொன்னார்கள்.

ஏழாவது பெயர் அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்தது. மாசியில் இறந்தவர். அவருக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்த ஒரே ஆள் என் அப்பா.

பின்னால் உட்காருபவர் முன்னோக்கி உட்காருவதில்லை. ஓட்டுபவரின் முதுகோடு முதுகு சேர்த்து, வந்த பாதையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எந்தப் பக்கம் யார் நெருங்குகிறார் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஓட்டுபவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். ஒன்பது வருடம் அப்பா அப்படிச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு பந்தயத்தில், வலது பக்கம் காலி என்று சொன்னார். ஓட்டியவர் வண்டியை வலது பக்கம் எடுத்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டே கூடவே வந்த மோட்டார் சைக்கிள்களில் ஒன்று அந்த நேரம் உள்ளே புகுந்தது. ஆட்களுக்குப் பெரிய காயம் இல்லை. குதிரையின் முன்னங்கால் முறிந்துவிட்டது. அதைப் பிழைக்க வைக்க முடியவில்லை.

அதன் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. சண்டை எதுவும் போட்டதாக யாரும் சொல்லவில்லை. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை என்று அம்மா சொல்வாள். அவர் வீடு குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது. சீசனுக்குக் குளிக்கப் போவதென்றால் அப்பா இலஞ்சி வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். எங்களையும் அப்படியே சுற்றவைப்பார். மாசியில் அவர் இறந்த செய்தி வந்த அன்று, அப்பா தன் மோட்டார் ரீவைண்டிங் கடையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரைக்கும் சுற்றினார். துக்க வீட்டுக்குக் கேதம் கேட்கப் போகவில்லை.

எனவே ஏழாவது வரிசையில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. வேலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நின்றுபோன காற்றாலை திரையில் சிவப்பாக இருக்கும். பழுது பார்க்க ஆள் கிளம்பிவிட்டார் என்று பதில் வரும்வரை என்னால் டீ குடிக்க முடியாது. அந்த வாரம் அப்படித்தான் இருந்தது. ஷிப்டில் இருக்கும்போது போனில் அந்தப் பட்டியலைத் திறப்பேன், மூடுவேன். வீட்டில் அப்பா சாப்பிடும்போது எதிரில் உட்காருவேன், எழுந்துவிடுவேன். ஒரு நாள் கடைக்குப் போய் வாசலில் வண்டியை நிறுத்தாமலேயே திரும்பி வந்தேன். இன்னொரு நாள் கேட்டேவிட்டேன். அவர் பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு, கோயில்காரனுக்கு வேற ஆளே கிடைக்கலியாக்கும் என்று மட்டும் சொன்னார்.

குழுக்காரரிடம் ஒரு வருடம் மட்டும் விதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். இதற்கு விட்டால் எல்லாத் தாத்தாவும் திரும்ப வந்துவிடுவார்கள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“பாப்பா, உங்கப்பாவ விட்டா அவருக்கு ஆரு இருக்கா? பிள்ளையும் கிடையாது. இந்தப் பேரு போனா போனதுதான்.”

அன்று மாலை அந்தக் கட்டத்தில் என் பெயரை அடித்தேன். பொய் இல்லை என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். நான் மூன்றாவது படித்தபோது பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு காலையில், அந்த ஏழாமவர்தான் என்னைத் தூக்கித் தன் பக்கத்தில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டிவந்தார். குதிரையின் காது அசைவதைப் பார்க்கச் சொன்னார். விதி ஒரே வண்டியில் ஓடியவர் என்கிறது. பந்தயத்தில் ஓடியவர் என்று நோட்டில் எழுதியிருக்கவில்லை. தாளை அச்சடித்து டி.வி. மேல் வைத்தேன்.

மறுநாள் காலையில் அது அப்பா கையில் இருந்தது. கண்ணாடி போடாமல் தூரமாகப் பிடித்து வாசித்தார்.

“ஏட்டி, நீ எங்க ஏறுன?”

பள்ளிக்கூடத்துக்குப் போனதைச் சொன்னேன். அவர் அதை மறந்திருக்கவில்லை.

“நீ முன்னால உக்காந்த. பின்னால இல்ல.”

தாளை மடிக்காமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். அன்று பகல் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. அம்மா தூக்குவாளியைக் கொடுத்து என்னை அனுப்பினாள். என்னைத் திட்டவும் இல்லை, திட்டாமலும் இல்லை. “ஒரு பேப்பர்ல எல்லாத்தையும் எழுதிரலாம்னு நெனைக்கா, பாரு” என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

பந்தயத்தன்று காலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் எழுந்தபோது அப்பா வீட்டில் இல்லை. சாலையோரம் கூட்டம் குடையும் துண்டுமாக நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்பது வண்டிகள். குதிரைகள் நிற்க மாட்டாமல் கால் மாற்றின. வண்டிகளுக்குப் பின்னால், எப்போதும் போல, கூடவே ஓட்டிப்போக மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டிருந்தன. நான் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மைக் பிடித்தவரிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன்.

பட்டாளத்துக்காரருக்கு ஒருவர் வந்து நின்றார். கீழப்பாவூர்க்காரருக்கு நின்றவர் கையில் துளசி வைத்திருந்தார். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவது பெயரை மைக் பிடித்தவர் வாசித்தார். நான் கோட்டை நோக்கி ஒரு அடி வைத்தேன்.

அப்பா கூட்டத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, நனைந்த தலை. கோட்டில் ஏறி நின்றார். ஆனால் மற்ற ஆறு பேரும் பந்தயம் போகும் திசையைப் பார்த்து நிற்க, அவர் மட்டும் திரும்பி, வண்டிகளையும் அதற்குப் பின்னால் சாலையையும் பார்த்து நின்றார்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. மைக் பிடித்தவர் அதைக் கையால் பொத்திக்கொண்டு, “அண்ணாச்சி, இங்கன திரும்பி நில்லுங்க” என்றார்.

“நான் இப்பிடித்தாம்லே உக்காருவேன்.”

யாரும் மறுபடி சிரிக்கவில்லை. மைக் பிடித்தவர் எட்டாவது பெயருக்குப் போகப் பார்த்தார். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“பின்னால பதினாலு பைக் நிக்கி. வலது பக்கம் ஆறு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஓரங்கட்டச் சொல்லு. அதுக்கப்புறம் வாசி.”

குழுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பைக்கில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவன், பைக் இல்லாமல் என்ன பந்தயம் என்று சத்தமாகவே கேட்டான். அப்பா கோட்டிலிருந்து நகரவில்லை. அவர் நகராமல் வண்டி கிளம்ப முடியாது. கடைசியில் வண்டி ஓட்டுபவர்களில் ஒருவரே இறங்கிப் போய் ஒரு பைக்கின் சாவியைத் திருகி எடுத்தார். அப்புறம் ஒவ்வொன்றாக அணைந்தது. சாரல் விழும் சத்தம் கேட்டது. எட்டாவது பெயரும் ஒன்பதாவதும் அந்த அமைதியில்தான் வாசிக்கப்பட்டன.

வண்டிகள் கிளம்பி வளைவில் மறையும்வரை அப்பா ஓரத்தில் நின்று பைக்கில் வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் ஜெயித்தது என்று அன்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று நான் ஸ்கூட்டரை எடுத்தபோது பின்னால் ஏறிக்கொண்டு, குற்றாலத்துக்கு விடு என்றார். வழக்கம்போல இலஞ்சிப் பக்கம் திருப்பினேன். தோளைத் தட்டி, நேராகப் போகச் சொன்னார்.

அந்த வீடு பூட்டிக் கிடந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது, வீடு பின்னால் போய் மறையும்வரை அவர் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தது தெரிந்தது.

அருவிக்கரையில் அவர் குளிக்கும்போது போனை எடுத்து ஏழாவது கட்டத்தில் என் பெயரை அழித்து, அவர் பெயரைப் போட்டேன். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. அப்புறமும் இரண்டு முறை திறந்து பார்த்தேன். அப்பாவுக்கு அறுபத்து நான்கு வயது. ஒரு நாள் அவர் பெயரை வாசிக்கும்போது கோட்டில் வந்து நிற்க, அவரோடு வண்டியில் இருந்த வேறு யாரும் இப்போது உயிரோடு இல்லை.