மாஸ்டர் வாய் திறக்காத ஆட்டம்

போன வாரம் கட்டுகஸ்தோட்டையில் முடி வெட்டப் போயிருந்தேன். வெட்ட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். காதோரம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதற்கும் முழுக் காசுதான் வாங்குகிறார்கள். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு உதைபந்தாட்டக் கழகம், மேல் பிரிவுக்கு ஏறுவதற்கான கடைசி ஆட்டத்தில் தோற்றுப்போய், மனேஜரை அனுப்பிவிட்டதாம். கழகம் கழுத்துவரை கடனில் இருக்கிறதாம். ஆனாலும் போகிறவருக்குக் கோடிக்கணக்கில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டுமாம்.

"தோத்தா கோச்ச மாத்தத்தானே வேணும்" என்றார் வெட்டுகிறவர். அவர் என் பிடரியில் விண்டர்கிரீன் தைலத்தை ஊற்றித் தேய்த்தார். அவ்வளவுதான், நான் அந்தக் கதிரையில் இல்லை. மூக்கு பொல்லாதது ஐயா. கண் மறந்ததையெல்லாம் அது எங்கேயோ சேர்த்து வைத்திருக்கிறது.

அந்த வாசம் எங்கள் பழைய பஸ்ஸின் வாசம். ஆட்டத்துக்குப் போகும்போது பதினொரு பேரும் காலில் தைலத்தைப் பூசிக்கொண்டு ஏறுவார்கள், கண் எரியும். எங்கள் கழகத்துக்கு மைதானம் என்று சொந்தமாக ஒன்றும் இல்லை. ஆற்றோரமாக ஒரு வெளி, ஒரு பக்கம் சரிவு. மற்றவர்கள் முதல் பாதியில் மேட்டிலிருந்து ஆடுவார்கள், நாங்கள் எந்தப் பாதியிலும் பள்ளத்தில் ஆடுவது போலத்தான் ஆடினோம். அக்குறணைக் கடைப் பையன்கள், அலவத்துகொடயிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர், மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் ஆட்கள் சிலர். கோல் காப்பவன் சுனில், மாத்தளை ரோட்டில் ஓடும் பஸ்ஸில் கொண்டக்டர், சிங்களவன். நான் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து கண்டியில் இரும்புக் கடையொன்றில் கிளார்க்காக இருந்தேன். வலப்பக்கப் பின்வரிசையில் ஆடினேன். ஆடினேன் என்று நான்தான் சொல்கிறேன்.

எங்களிடம் பயிற்றுநர் யாரும் தங்கியதில்லை. ஒருவர் பொலிஸ்காரர், இடமாற்றத்தில் போனார். இன்னொருவர் சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போனார், போகும்போது கழகத்தின் விசிலையும் கொண்டுபோனார். மூன்றாமவர் சம்பளம் கேட்டார். நாங்களே மாலை போட்டு அனுப்பி வைத்தோம்.

பிறகு வந்தவர்தான் செல்லத்துரை மாஸ்டர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் இல்லை, கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை. யாழ்ப்பாணத்தார். இளமையில் அங்கே பெரிய ஆட்டக்காரர். எங்களிடம் சல்லிக்காசு வாங்கவில்லை. நான் ஆடுவதைக் கொஞ்ச நாள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ஒரு பின்னேரம் தோளில் கை போட்டார். "தம்பி, நீர் கணக்கைப் பாரும். பந்தை மற்றவை பாக்கட்டும்." அப்படித்தான் நான் பொருளாளர் ஆனேன்.

மாஸ்டரின் பயிற்சி முழுக்க அவருடைய தொண்டையில்தான் இருந்தது. கோட்டோரம் ஓடி ஓடித் தமிழில் கத்துவார். "ஏறு", "திருப்பு", "ஆள் வருது". எதிர்ப்பக்கத்தாருக்கு ஒன்றும் விளங்காது, எங்களுக்கு அது பெரிய வசதி. சுனிலுக்கும் அந்தத் தமிழ் நாக்கில் ஒட்டிக்கொண்டது. உயரமாக வரும் பந்தைத் தான் பிடிக்கப் போகிறேன் என்றால் "விடு!" என்று ஒரு கத்தல் கத்துவான், பின்வரிசை அப்படியே ஒதுங்கும். பஸ்ஸில் தமிழ்க் கிழவிகளிடம் அரைகுறைத் தமிழில் வம்பு பேசுவான். ஆனால் மைதானத்தில் அவன் தமிழில் ஒரு பிழை வராது.

காசு ஹாஜியாருடையது. அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்தார். சீட்டிழுப்பு வைத்தோம், படம் காட்டினோம், வெறும் போத்தல் பொறுக்கி விற்றோம். என்ன செய்தாலும் கடைசியில் துண்டு விழும், நான் அவர் கடைப் படியில் போய் நிற்பேன். "வந்துட்டாரு நிதி மந்திரி" என்பார். ஏசிக்கொண்டே கொடுப்பார்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் மாஸ்டரின் வாடகை வீட்டை எரித்தார்கள். அதைப் பற்றி என்ன எழுத. மனைவியும் மகளும் அகதி முகாமில் கிடந்துவிட்டு யாழ்ப்பாணம் போனார்கள். மாஸ்டர் போகவில்லை. ஹாஜியார் தன் கடைக்கு மேலே ஒரு அறை கொடுத்தார். மாஸ்டரின் மனைவியோ, இடமாற்றம் எடுத்துக்கொண்டு வந்துவிடும்படி கெஞ்சிக்கொண்டிருந்தார். "இருபது வருஷம் இருந்த ஊரடா. அடிச்ச உடன ஓடுறதோ?" என்று மாஸ்டர் எங்களிடம் கேட்பார்.

அடுத்த பருவத்தில், எப்படி என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை, நாங்கள் வென்றுகொண்டே போனோம். மேல் பிரிவுக்கு ஏற இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று ஆனபோது ஹாஜியார் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார். "இப்ப ஏன்ட கைல ஒண்டுமில்ல மாஸ்டர், கடைல யாவாரமே இல்ல. மேல ஏறினா கேட் காசுல பங்கு வரும். அதோட நானும் போட்டு இங்கயே ஒரு வீடு எடுத்துத் தாறன். பொஞ்சாதி புள்ளயக் கூட்டிக்கொண்டு வாங்க, இன்ஷா அல்லாஹ்."

"ஏறினா அவையைக் கூப்பிடுவன். ஏறாட்டி நான் போறன்" என்றார் மாஸ்டர். அதற்குப் பிறகு யாருக்கும் அது கிண்ணத்துக்கான ஆட்டம் இல்லை, மாஸ்டரின் மகள் திரும்பி வருவதற்கான ஆட்டம்.

ஆட்டம் கண்டிக்குக் கீழே, சிங்களவர் நிறைந்த ஒரு நகரத்தில். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்களும் இருக்கிற ஊர்தான். பஸ் மைதானத்தை நெருங்கும்போது மாஸ்டர் எழுந்து நின்றார். "இண்டைக்கு ஒருத்தரும் தமிழில கத்தக் கூடாது. நானும் வாய் திறக்க மாட்டன்."

"அப்ப நமக்கு யாரு மாஸ்டர் ஏசுறது?" என்றான் சுனில். எல்லோரும் சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார், அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

ஆட்டம் முழுக்க அவர் என் பக்கத்தில் ஒரு துவாயைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்து இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் தொண்டை ஏறி இறங்கும், சத்தம் வராது. அலவத்துகொடச் சகோதரர்களில் இளையவன் கோல் போட்டபோது என் தொடையைப் பிடித்து ஒரு கிள்ளு. சதை நீலம் பாரித்துவிட்டது. நானும் கத்தவில்லை.

முடிய இன்னும் கொஞ்ச நேரம், நாங்கள்தான் முன்னால். அவர்கள் தூக்கி அடித்த பந்து எங்கள் கோலுக்கு முன்னால் இறங்கியது. எங்கள் ஆள் ஒருவன் தலையால் முட்டப் பாய்ந்தான், முட்டியிருந்தால் சொந்தக் கோலுக்குள்ளேயே போயிருக்கும். சுனில் "விடு!" என்று கத்தினான். எங்கள் ஆள் ஒதுங்கினான். சுனில் பூப்போலப் பந்தைப் பிடித்தான்.

கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டத்துக்கு அந்தத் தமிழ்ச் சொல் கேட்டுவிட்டது. பிறகு யாரோ "கொட்டியா" என்றான், சிங்களத்தில் புலி என்று. கல் வந்தது, போத்தல் வந்தது, பிறகு ஆட்களே வந்தார்கள். சுனில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிங்களத்தில் கெஞ்சினான், தானும் சிங்களவன்தான், தன் ஊர் இது, அப்பன் பெயர் இது என்று. யார் கேட்டார்கள். தமிழில் கத்தியவன் தமிழன்தான் என்று முடிவாகிவிட்டது.

பொலிஸ் வந்து அவனைத் தூக்கி எங்கள் பஸ்ஸில் போட்டது. நடுவர் எங்களை மறுபடி இறங்கி ஆடச் சொன்னார். பாதிப் பேர் இருக்கைக்கு அடியில் கிடந்தார்கள். மைதானத்தை விட்டுப் போன குற்றத்துக்காக வெற்றி அவர்களுக்கு என்று எழுதிவிட்டார்கள். ஹாஜியார் யார் யாரையோ போய்ப் பார்த்தார். சட்டம் சட்டம்தான் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு சுனில் அழுதான். "நான்தான் மாஸ்டர் கெடுத்தது. வாய் தானா வந்திருச்சு."

"நீ சரியான நேரத்திலதான் கூப்பிட்டனி" என்றார் மாஸ்டர். "கூப்பிடாட்டி கோல் போயிருக்கும்." அவனுக்குத் தலையணையைச் சரி செய்துவிட்டு வெளியே வந்தார். நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீடு எரிந்தபோதும் அவர் அழுது நான் பார்க்கவில்லை.

அந்த மாதமே போய்விட்டார். பஸ் நிலையத்தில் ஹாஜியார் காசைச் சுருட்டிக் கையில் திணித்தார். மாஸ்டர் அதைத் திருப்பி அவர் சட்டைப் பைக்குள் வைத்தார். "பெடியளுக்குப் பந்து வாங்கிக் குடுங்கோ" என்றார். பந்து வாங்கினோம், ஆடத்தான் ஆட்கள் சேரவில்லை. அண்ணன் தம்பி இருவரும் கட்டாருக்குப் போனார்கள். கழகம் எந்த நாளில் செத்தது என்று எனக்கே தெரியாது, அறிவிக்கக்கூட ஒரு கூட்டம் போடவில்லை.

சுனிலின் வேலை போயிற்று. பல நாள் வராத கொண்டக்டருக்காக எந்த பஸ்காரன் காத்திருப்பான். ஒரு நாள் என் கடைக்கு வந்து, ஆமியில் சேரப் போவதாகச் சொன்னான். வீட்டில் அம்மா மட்டும், வேறு வழி இல்லை.

"எப்படியும் வடக்குக்குத்தானே அனுப்புவாங்க. மாஸ்டர் வீட்ட தேடிப் பாக்குறேன்" என்றான்.

"பைத்தியமாடா? அந்த உடுப்போட மாஸ்டர் வீட்டு வாசல்ல போய் நிப்பியா?" என்று கேட்டேன்.

"நிக்க மாட்டேன்" என்றான்.

மாஸ்டரிடமிருந்து இரண்டொரு கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. சில வருடங்களில் சுனில் இருந்த ஆமி முகாம் புலிகளிடம் விழுந்தது. அவன் உடல் கிடைக்கவில்லை. காணாமல் போனவன் என்று வீட்டுக்கு அறிவித்தார்கள்.

அவன் அம்மா என்னைக் கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வார். எப்போதும் ஒரே கேள்வி, சிங்களத்தில். "மகனே, சுனிலுக்குத் தமிழ் தெரியும்தானே. தமிழில் கெஞ்சிக் கேட்டால் அவர்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள்தானே?"

"செய்ய மாட்டார்கள் அம்மே" என்று சொல்வேன். ஒவ்வொரு முறையும் சொன்னேன். கீரைக்கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தெளிந்த முகத்தோடு போவார்.

சண்டை நின்று வடக்குக்குப் பாதை திறந்தபோது யாழ்ப்பாணம் போய், கடிதத்தில் இருந்த மாஸ்டரின் தெருவைத் தேடினேன். அந்தத் தெருவில் வீடுகளே இல்லை. ஹாஜியார் மௌத்தாகிவிட்டார். சுனிலின் அம்மாவும் போய்விட்டார். சுனிலுக்குத் தமிழ் தெரியும்தானே என்று என்னைக் கேட்க இப்போது இந்த ஊரில் யாரும் இல்லை.