மனுவில் இல்லாத பெயர்

திங்கள்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் அரியலூர் ஆட்சியர் அலுவலக வாசலில் வேணியின் பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிடும். மடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் வெள்ளைத்தாள் கட்டு, இரண்டு நீலப் பேனா. குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பதினான்கு வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறார். பட்டா, முதியோர் பென்ஷன், குடிதண்ணீர், சுடுகாட்டுப் பாதை என்று எதுவானாலும் அவருடைய முதல் பேச்சு ஒன்றுதான்.

"பேரு, ஊரு, போன் நம்பர் சொல்லுங்க. பேரில்லாம குடுத்தா அது மொட்டை மனு. குப்பைக்குத்தான் போவும்."

ஆயிரம் பேரிடம் இப்படிச் சொன்ன வேணியால், சென்ற ஆடி மாதம் ஒரு மனுவில் ஒரு பெயரை எழுத முடியவில்லை. அது அவருடைய ஒரே மகள் சிந்துவின் பெயர்.

சிந்து உடையார்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் வேணி அவளுடைய தண்ணீர் பாட்டிலைக் கழுவ எடுத்தபோது, காலையில் நிரப்பிய தண்ணீர் அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. அந்த வாரமே காய்ச்சல் வந்தது. சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் சிந்து ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும்மா. நான் உள்ள போனா, வெளியில தாப்பாள் போட்டுடறாளுங்க."

"ஏன்டி?"

வகுப்புத் தோழி ஒருத்திக்குச் சிந்து எழுதி வைத்திருந்த கடிதத்தை யாரோ நோட்டிலிருந்து எடுத்து வகுப்பில் சத்தம் போட்டுப் படித்திருந்தார்கள். அன்றிலிருந்து அவள் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை.

"எனக்குப் பொண்ணுங்களத்தாம்மா புடிக்கும். திட்டுறதுன்னா இப்பவே திட்டிடு."

பஸ் இரண்டு ஊர் தாண்டியதும் வேணி மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "ராத்திரிக்கி என்ன சாப்புடுற?" என்று கேட்டார்.

கணவர் ராஜவேல் ரெட்டிபாளையத்திலிருந்து சிமெண்ட் ஏற்றிப் போகும் லாரி டிரைவர். போனிலேயே முடிவு சொன்னார்.

"ஸ்கூல மாத்திடுவோம்."

"மாத்துனா? அந்த ஸ்கூல்ல பாத்ரூம் இல்லியா, தாப்பாள் இல்லியா?"

மனு போகும் பாதை வேணிக்கு மனப்பாடம். பள்ளியைப் பற்றித் திங்களன்று கொடுத்தால் கல்வி அலுவலகம் போகும். அங்கிருந்து 'அறிக்கை தருக' என்று வியாழனுக்குள் அதே பள்ளிக்கு இறங்கும். தலைமையாசிரியர் மேசைக்கும் எழுத்தர் மேசைக்கும் போய், கடைசியில் டீக்கடைக்கு வரும். மகள் பெயரை அந்தப் பாதையில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

எனவே பலருடைய கையெழுத்துக்குள் மகளை ஒளிக்க நினைத்தார். தன் பாலினத்தவரையே விரும்பும் மாணவர்களையும் திருநர் மாணவர்களையும் பள்ளிகளில் துன்புறுத்துவதைத் தடுக்கச் சட்டம் இயற்றும்படி அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும், அதுவரை மாவட்டத்தில் எல்லாப் பள்ளிக்கும் ஒரு விதி வேண்டும் என்று பொதுவாக எழுதினார். தன்னிடம் மனு எழுத வந்தவர்களிடமே கையெழுத்துக் கேட்டார்.

ஆண்டிமடத்துக் கண்ணையன் முந்திரித் தோப்பை அளக்கச் சொல்லி மனு எழுத வந்திருந்தார்.

"இதுலயும் ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே."

"என்னம்மா இது?"

"பொம்பள மாரி நடக்குற பையன், பொண்ணையே விரும்புற பொண்ணு, இந்த மாரி புள்ளைங்கள பள்ளிக்கூடத்துல யாரும் அடிக்கக் கூடாது, கேலி பண்ணக் கூடாதுன்னு சட்டம் கேட்டு."

"அதுக்கெல்லாமா சட்டம்? வெவசாயத்துக்கே ஒண்ணத்தயும் காணும்!"

"அதுக்குந்தான் எழுதித் தரேன். மொதல்ல இதுல போடுங்க."

போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பித் தரும்போது குரலை இறக்கினார். "என் தம்பி மவன் அப்புடித்தாம்மா. படிப்ப வுட்டுட்டுத் திருப்பூர் போயிட்டான்."

பென்ஷனுக்கு வந்த கிருஷ்ணம்மாள் கையை உதறினாள். "கருமம்! யாரு வூட்டுப் புள்ளைக்கு இதெல்லாம்? ஒன் வூட்டுப் புள்ளைக்கா?"

"எல்லார் வூட்டுப் புள்ளைக்குந்தான் ஆத்தா," என்று சொல்லிக் குனிந்துகொண்டார் வேணி. அடுத்த மனுவில் தேதியைத் தப்பாகப் போட்டார்.

வரதராஜன்பேட்டை லீலா மேரி டீச்சர் தானும் போட்டு, தெரிந்தவர்கள் நாலு பேரையும் அழைத்து வந்தார். மூன்று வாரத்தில் பத்தொன்பது கையெழுத்து சேர்ந்தது. அவர்கள் பிள்ளைகள் படிப்பது பதினோரு பள்ளிகளில். இனி யார் பிள்ளை என்று ஒருவரும் கைகாட்ட முடியாது.

"எந்த ஸ்கூலுக்கு இது, அக்கா?" என்றார் மனுக்களைக் கம்ப்யூட்டரில் பதிகிறவர்.

"பதினொண்ணுக்கும் போடுங்க சார்."

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பதினோரு பள்ளிகளும் ஒன்றுபோல அறிக்கை கொடுத்திருந்தன. 'மனுவில் கூறப்பட்டுள்ள வகையில் மாணவர் எவரும் இப்பள்ளியில் இல்லை.' எனவே மனு முடிக்கப்பட்டது.

சிந்து அதை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"நான் இல்லியாம்மா. அப்ப தெனம் யாரத்தாம்மா உள்ள வச்சு தாப்பாள் போடுறாங்க?"

வேணி அந்தத் தாளை வாங்கி மடித்தார். ஒளித்தது அவர்தான்.

"என் பேர எழுதும்மா."

"அது எங்கெங்க போவும்னு ஒனக்குத் தெரியாது பாப்பா."

"ஒனக்குத் தெரியும்ல? சொல்லு. என்னிக்கி எங்க போவும்னு சொன்னா அன்னிக்கி நான் தயாரா இருப்பேன்."

அடுத்த திங்களன்று வேணி ஊரார் மனுக்களை எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் தன்னுடையதை எடுத்தார். சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை அதேதான். மேலே 'என் மகள் சிந்து' என்று தொடங்கும் பத்தி மட்டும் புதிது. எழுத்து கோணிப்போனது. கிழித்துவிட்டு மறுபடி எழுதி, அன்றே கொடுத்தார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் மனு எந்த மேசையில் இருக்கும் என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். வியாழன் மூன்றரைக்கே பள்ளி வாசலில் போய் நின்றார். நாலு மணிக்கு மணி அடித்தது. கூட்டம் கலைந்தது. சிந்துவைக் காணோம். நாலேகாலுக்கு வந்தாள்.

"ஹெச்.எம். கூப்புட்டாரும்மா."

"என்ன சொன்னாரு?"

"மொதல்ல உக்காரச் சொன்னாரு. தாப்பாள் போட்ட புள்ளைங்கள எத வச்சும்மா தண்டிக்கிறது, எங்கிட்ட விதி ஒண்ணும் இல்லியேன்னாரு. அதத்தான் சார் எங்கம்மா கேட்டிருக்காங்கன்னேன்."

"அதுக்கு?"

"பாத்ரூம் வெளித் தாப்பாள மட்டும் கழட்டச் சொல்லிட்டாரு. நான் வரும்போது ஸ்க்ரூ கழட்டிட்டிருந்தாங்க."

வேணி உடனே, "ரூம்ல வேற யாரு இருந்தாங்க?" என்றார்.

"கிளார்க் சாரு. கெமிஸ்ட்ரி மிஸ்ஸு."

கிளார்க்குக்கு எந்தத் தெரு, எந்த டீக்கடையில் போய்ப் பேசுவார் என்று வேணி யோசித்தார். மகள் பையைத் தூக்கிப் பார்த்தார். பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

பஸ் வந்தது. முன்பக்கம் உட்கார்ந்திருந்த பள்ளிப் பெண்கள் ஆறேழு பேர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். சிந்து முதலில் ஏறினாள்.