அண்ணன் எழுதாமல் விட்ட சம்பா

குருவிநத்தத்தில் முதன்முதலாக எண்ணெய் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்தவன் நான். முள்ளுக்காடாய்க் கிடந்த மேட்டைக் கரும்புக் கொல்லையாக்கினேன். கூரை வீட்டை மச்சு வீடாக்கினேன். என் அண்ணன் பிரெஞ்சில் செர்த்திபிகா பரீட்சை தேறியதையும் நான் கட்டியவற்றில்தான் சேர்க்கிறேன். ஊர் சேர்ப்பதில்லை.

அது பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். அண்ணன் பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தான். என்னைத் தமிழ் எழுத்தும் பிரெஞ்சு எழுத்தும் கைக்குப் படிந்ததுமே நிறுத்தி மாட்டோடு அனுப்பிவிட்டார்கள். பரீட்சை வருஷம் அண்ணன் வண்டியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கூட்டாளியின் நோட்டை அவன் வாங்கி வருவான். மாடு கட்டிவிட்டு வந்து நான் பார்த்து எழுதுவேன். அர்த்தமும் தெரியாது, உச்சரிப்பும் தெரியாது. தமிழ் மாதிரி எழுத்துக்கு எழுத்து முணுமுணுத்துக்கொண்டே எழுதுவேன். நான் எழுதியதை அண்ணன் ராகம் போட்டு வாசிப்பான். அப்பாவுக்கு அதைக் கேட்கவே பெருமை.

கட்டுப் பிரித்ததும், மேரி என்ற நகராட்சி ஆபீசில் சேவகம் பார்த்த மாமா சோதிக்க வந்தார். அவர் சொல்லச் சொல்ல அண்ணன் எழுத வேண்டும். 'ஷான்' என்றார். அண்ணன் காதில் விழுந்ததை எழுதினான். புல்லுக்கட்டை இறக்கிய நான் எட்டிப் பார்த்தேன்.

"அண்ணே, சம்பா எங்க போச்சு?"

"இன்னாடா சம்பா?" என்றார் மாமா.

மண்ணில் 'champs' என்று எழுதிக் காட்டினேன். அண்ணன் விட்ட கடைசி p, s இரண்டையும்தான் சம்பா என்றேன். பிரெஞ்சில் சொல்லின் கடைசி எழுத்துகள் பல ஊமை. எழுத வேண்டும், சொல்லக்கூடாது. மாமா குனிந்து பார்த்தார். "சரியாக் கீதே! வாசிடா."

"சம்ப்ஸ்."

வீடே சிரித்தது. "வாசிக்கத் தெரியாத வாத்தியாருடா நீ" என்றான் அண்ணன்.

அப்பா சிரிக்கவில்லை. "தேறலைன்னா ரெண்டு பேரும் ஏர் புடிங்க."

அண்ணன் வாசித்தது வாயோடு போய், நான் எழுதியது மட்டும் எனக்குள் எப்படித் தங்கியது? கைக்கென்று தனியாக ஒரு மூளை இருக்கிறதா என்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாமாவுக்கும் விளங்கவில்லை. ஆனால் பாடம் முழுவதையும் அண்ணன் தன் கையால் மறுபடி எழுதவேண்டும் என்று உத்தரவு போட்டார். எதிரே உட்கார்ந்து ஊமை எழுத்தையெல்லாம் நான் கத்தினேன். "சம்பாவை வுட்டுடாத அண்ணே!" "தெரியும், மூடுடா!" என்பான், என்றாலும் எழுதுவான்.

தேறினான். மேரியில் குமாஸ்தா ஆனான். ஏர் என் ஒருவன் கைக்கு வந்தது. அந்த 'ஷான்' என்ற சொல்லுக்கு வயல் என்று அர்த்தம். எனக்கு அது அப்போது தெரியாது. கால் நிறைய வயல் சேற்றோடுதான் அதைக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தச் செர்த்திபிகா இன்றும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. அண்ணன் பெயருக்குக் கீழே இடம் காலியாகத்தான் இருக்கிறது. அண்ணன் பிள்ளைகளே, அதில் என் பெயரையும் எழுதுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள், அப்போதுதான் மறக்கமாட்டீர்கள்.