பாதையில் பரப்பிய கொள்ளு

துளசிங்கத்தைப் பற்றித் திருத்தணியில் யாரைக் கேட்டாலும் ஒரே பல்லவிதான். திமிர் பிடித்தவன், மோட்டார் சைக்கிளில் கண்மண் தெரியாமல் பறந்து சொந்தப் பிள்ளையையே தொலைத்தவன். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அந்த வண்டியில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான், பிரசவம் பார்க்கிற நர்சு ரஞ்சிதம். என்ன நடந்தது என்று என்னை ஒருத்தராவது கேட்டதுண்டா? அவன் பெண்டாட்டி எல்லம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் அண்ணன் துரைக்கண்ணுவும் போய்விட்டான். இனிமேல் நான் வாயைத் திறந்தால் யார் மனசும் உடையாது.

துளசிங்கம் ஹிட்லர் சண்டையின்போது பட்டாளத்தில் சேர்ந்து, அஸ்ஸாம் பக்கத்து மலைகளில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவன். சேறு, குண்டு விழுந்த பள்ளம், கும்மிருட்டு எல்லாவற்றிலும் ஓட்டியிருக்கிறான். உடம்பில் ஒரு சிராய்ப்புக்கூடக் கிடையாது. சண்டை முடிந்ததும், பட்டாளம் கழித்துப்போட்ட வண்டி ஒன்றை மதராஸில் ஏலத்தில் எடுத்து ஓட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான். ரயிலில் வந்து இறங்கும் நூல் கட்டுகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளிப்பட்டுத் தறிக்காரர்களிடம் சேர்ப்பது அவன் பிழைப்பு. அந்த டபடப சத்தத்துக்கு மாடு மிரளும், மாட்டுக்காரன் வண்டை வண்டையாகத் திட்டுவான். இவன் பல்லைக் காட்டிக்கொண்டே போவான். கோபமே வராத ஜென்மம். எனக்கு அதுதான் கோபம்.

தை மாதம் வந்தால் பள்ளிப்பட்டுப் பாதையில் ஒரு தொல்லை உண்டு. களம் இல்லாத குடியானவர்கள் அறுத்த கொள்ளுச் செடியைப் பாதையிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறினால் காய் வெடித்து மணி உதிரும், மாடு கட்டி மிதிக்கவிட வேண்டாம். சர்க்கார் பாதை என்ன, இவர்கள் அப்பன் வீட்டுக் களமா? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். துளசிங்கம் கத்தமாட்டான். துரைக்கண்ணுவின் நிலம் துளசிங்கம் வீட்டுக்கும் திருத்தணிக்கும் நடுவில், அந்தப் பாதை ஓரத்தில்தான் இருந்தது. மச்சான் முறைக்கு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். "பாவா, இன்னும் ஒரு தபா போய்ட்டு வா பாவா" என்று துரைக்கண்ணு கெஞ்சினால் போதும், இவன் கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு கொள்ளின் மேல் மெதுவாகப் போய்ப் போய் வருவான்.

அன்றைக்குக் காலையில் அவன் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"நர்சம்மா, எல்லம்மாவுக்கு வலி கண்டுச்சி. தலைக்குப் பதிலா காலு வந்துகினு கீதுன்னு சொல்றாங்க. மாட்டு வண்டி கட்டினா ஆவாதும்மா. ஏறுங்க."

"உன் பின்னாலயா? ஊரே சிரிக்கும்டா."

"சிரிச்சிட்டுப் போறாங்கம்மா. எம் பொண்டாட்டி செத்துடுவா."

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினேன். ஆம்பிளை பின்னால் ஒரு பொம்பளை மோட்டார் சைக்கிளில் போகிறாள் என்று கடைத்தெருவே வாயைப் பிளந்தது. பார்த்துத் தொலையுங்கள் என்று விட்டுவிட்டேன். மலையைப் பார்த்து 'முருகா' என்று ஒரு கும்பிடு போடக்கூடக் கை எடுக்க முடியவில்லை, இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்திருந்தேன். வேகமாகத்தான் போனான். ஆனால் அது திமிர் வேகம் இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் "புடிச்சிக்கோங்கம்மா" என்று சொல்லிச் சொல்லித்தான் ஓட்டினான்.

அவன் என்னைக் கூப்பிட வந்தபோதே வண்டிச் சத்தம் துரைக்கண்ணுவுக்குக் கேட்டிருக்கிறது. தங்கைக்கு வலி கண்டது அவனுக்குத் தெரியாது. நின்று சொல்ல இவனுக்கு நேரமில்லை. பாவா நூல் எடுக்கப் போகிறார், பாரம் ஏற்றிக்கொண்டு மெதுவாகத்தானே திரும்புவார் என்று, இருந்த செடியை எல்லாம் தடிமனாகப் பாதையில் கொட்டிவிட்டான். அதுவும் புளியமரத் திருப்பத்தை ஒட்டி. திரும்பின பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காய்ந்த செடியில் சக்கரம் வழுக்கி, வண்டி படுத்தபடியே இழுத்துக்கொண்டு போனது. நான் வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் என் காதிலேயே விழுந்தது.

துரைக்கண்ணு சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். "இன்னா பாவா, பட்டாளத்துல வுழாத ஆளு எங் கொள்ளுல வுழுந்துட்டியே!"

"எல்லம்மாவுக்கு வலி பாவா" என்றான் துளசிங்கம். "கொழந்த கால் வந்துடுச்சி."

துரைக்கண்ணு வாயில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"அழுவறத அப்புறம் வச்சிக்கோ, மாட்டப் பூட்டுடா பாவி!" என்று கத்தினேன். மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் செடி சுற்றிச் சிக்கிக்கொண்டது, முன்பக்கம் வேறு கோணிப் போயிருந்தது. மாட்டு வண்டியில்தான் மிச்ச தூரம் போனோம். அந்த மாடுகளைத் திட்டிய மாதிரி நான் யாரையும் திட்டியதில்லை.

போய்ச் சேர்ந்தபோது உடம்பு வந்து தலை மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்க இரண்டு கையும் வேண்டும். எனக்கு இருந்தது இடது கை ஒன்றுதான். பக்கத்து வீட்டுக் குப்பம்மாளைத் தாங்கிக்கொள்ளச் சொல்லி, தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தேன். எல்லம்மாள் பிழைத்தாள். குழந்தை பெண். அழவே இல்லை. எத்தனையோ பிரசவம் பார்த்தவள் நான், என் கை நன்றாக இருந்திருந்தால் அது அழுதிருக்கும்.

அவளுக்கு நினைவு தெளிந்ததும் அவனைக் கூப்பிட்டாள். "ஏன்யா இவ்ளோ நேரம்? நர்சம்மா கைக்கு இன்னா ஆச்சி?"

வாசற்படியில் நின்ற துரைக்கண்ணு வாயைத் திறந்தான். அதற்குள் துளசிங்கம் முந்திக்கொண்டான்.

"நாந்தான் எல்லம்மா. வண்டிய கண்ணு மண்ணு தெரியாம வுட்டு, திருப்பத்துல சாச்சிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் உண்மையைப் போட்டு உடைத்திருப்பேன். அவன் என்னைப் பார்த்தான். தாய் தகப்பன் இல்லாதவள் எல்லம்மாள், பிறந்த வீடு என்று அவளுக்கு அந்த அண்ணன் ஒருத்தன்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க அண்ணாத்தய அனுப்பியிருந்தா, மாட்டு வண்டியில பத்திரமா இட்டாந்திருக்கும். எம் புள்ள பொழச்சிருக்கும்" என்றாள்.

துரைக்கண்ணு குலுங்கிக் குலுங்கி அழுதான். தங்கைக்காக அழுகிறான் என்று அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"ஆங், பாவாவத்தான் அனுப்பியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, துணியில் சுற்றியிருந்த குழந்தையைத் துளசிங்கம் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான்.