அணைத்த கற்பூரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். கடவுள் இல்லை என்று வாய் கிழியப் பேசுகிறவன். ஆயுத பூஜையன்று எல்லோரும் மெஷினுக்குப் பொட்டு வைக்கும்போது நான் மட்டும் டீக்கடைக்குப் போய்விடுவேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

என் மேசையில் துணைக்கு நின்றவர் சேவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர், அதிர்ந்து பேசாதவர். டீ நேரத்தில் தினமும் அவரை வம்புக்கு இழுப்பேன். "சாமி பாக்குதுன்னு பயந்து நல்லவனா இருக்கறது என்னங்க நேர்மை? யாரும் பாக்காதப்பவும் ஒழுங்கா இருக்கோணும். அதுக்கு மனுசனாப் பொறந்தாப் போதுமுங்க."

"நீங்க சொல்றதும் சரிதானுங்ணா" என்று சிரிப்பார். எனக்குச் சப்பென்று ஆகிவிடும்.

ஒருநாள் பெரிய சைஸுக்கு விரித்த துணியின் மேல் சின்ன சைஸ் அளவு அட்டையை வைத்து வரைந்துவிட்டேன். வெட்டியதும் நான்தான். அவர் மறுமுனையில் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஆர்டரின் துணி மொத்தமும் வீண்.

முதலாளி கத்தவில்லை. எங்கள் இருவரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, பிள்ளையார் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றினார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விசாரணை கிடையாது.

"தப்புப் பண்ணாதவங்க அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டுப் போலாமுங்க."

மாஸ்டர் என்ற பேர் போய்விடுமே என்றுதான் பயம். கற்பூரத்தைக் கண்டு எனக்கு ஒரு பயமும் இல்லை. "நான் பண்ணலீங்க" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தேன்.

மறுபடி ஏற்றினார். சேவூர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எங்க வேதத்துல சத்தியமே பண்ணக்கூடாதுன்னு இருக்குதுங்க. நான் பண்ணலீங்க, அவ்வளவுதானுங்க."

"அப்ப யாரு?" என்றார் முதலாளி.

சேவூர்க்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அன்றோடு அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சைக்கிளை எடுக்கப் போனவர் பின்னால் ஓடினேன். "ஏனுங்க தம்பி, என்னைய ஏன் காட்டிக் குடுக்கலீங்க?"

"நீங்களாச் சொல்லிருவீங்கன்னு பாத்தேனுங்ணா. மனுசனாப் பொறந்தாப் போதும்னு சொன்னீங்கல்ல, அதை நான் நம்பீட்டேனுங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். முதலாளி அப்போதும் ஆபீஸில்தான் இருந்தார். பத்தடி தூரம். நான் போகவில்லை.

சில வருஷம் கழித்துச் சேவூரில் போய் விசாரித்தேன். குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டதாகச் சொன்னார்கள். கடவுள் நம்பிக்கை இருந்திருந்தால் ஏதாவது ஒரு கோவிலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். எனக்கு மன்னிப்புக் கேட்க அவர் ஒருவர்தான் இருந்தார்.